வேங்கையும் அங்சானாவும்: ஒரு மரப் பேரினத்தின் பெயர் வரலாறு

1. சாலையோரத்து மரம்

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வாழும் எவரும் அங்சானா மரத்தின் நிழலில் ஒருமுறையேனும் நடந்திருப்பர். தாழ்ந்து தொங்கும் கிளைகளும் அகன்ற குடை போன்ற உச்சியும் உடைய மரம் அது. ஆண்டின் பெரும்பகுதியில் நாம் அதனைக் கவனிப்பதில்லை. திடீரென ஒரு நாள், நகரெங்கும் உள்ள அங்சானாக்கள் ஒருங்கே பூக்கின்றன. மஞ்சள் மலர்கள் மணம் பரப்புகின்றன. மறுநாள் காலையில் நடைபாதையும் நிறுத்தி வைத்த வண்டிகளும் மஞ்சள் விரிப்பால் மூடப்பட்டிருக்கும். நண்பகலுக்குள் துப்புரவுப் பணியாளர்கள் அவற்றைக் கூட்டி அள்ளிவிடுவர்.

இம்மரத்திற்குத் தமிழில் என்ன பெயர் என்று ஒரு மாணவர் கேட்டால் நாம் என்ன விடை சொல்வோம்? அங்சானா என்றே பெரும்பாலோர் சொல்வர். அது பிழையன்று, அப்பெயர் இங்கு வழங்கும் பெயர். ஆயினும் அவ்விடை முழுமையானதன்று. அங்சானா எந்தப் பேரினத்தைச் சேர்ந்ததோ அதே பேரினத்தின் மற்றொரு மரத்தைத் தமிழர் ஈராயிரம் ஆண்டுகளாக வேங்கை என்று அழைத்து வந்துள்ளனர். சங்க இலக்கியத்தின் குறிஞ்சித் திணையில் மிகுதியாகப் பேசப்படும் மரங்களுள் அது ஒன்று. நம் மாணவர்கள் வகுப்பறையில் வேங்கையைப் படிக்கின்றனர். சாளரத்துக்கு வெளியே அதன் உறவு மரம் நிற்கிறது. இரண்டையும் இணைக்கும் சொல் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

இவ்வுரையில் அப்பேரினத்தின் பெயர்கள் சென்ற வழிகளை ஆராய விழைகின்றேன். பெயர்கள் எவ்வாறு தோன்றின, எவை கடல் கடந்தன, எவை கடக்கவில்லை, பெயர் மயங்கியதால் என்ன நேர்ந்தது என்பன என் வினாக்கள். தமிழாசிரியராகிய நாம் செய்யத்தக்கது என்ன என்பதை இறுதியில் கூறுவேன்.

2. சிறகுக்கனி மரங்கள்

அவரையும் பட்டாணியும் புளியும் அடங்கிய பெருங்குடும்பத்தில் ஒரு பேரினம் தெரோகார்ப்பஸ். இப்பெயரைச் சூட்டியவர் நிக்கோலாஸ் யோசெஃப் ஃபொன் ஜாக்குவின் என்னும் தாவரவியலறிஞர், ஆண்டு 1763. அவர் அப்போது எழுதியது அமெரிக்க நிலத்துத் தாவரங்களைப் பற்றிய நூல். கிரேக்க மொழியில் தெரோன் என்பது சிறகு. கார்ப்போஸ் என்பது கனி. இரண்டும் சேர்ந்து சிறகுடைய கனி எனப் பொருள்படும்.

பெயர் பொருத்தமானதே. அவரைக் குடும்பத்தின் காய்கள் பெரும்பாலும் நீண்டவை, முற்றியதும் வெடிப்பவை. இப்பேரினத்தின் காயோ தட்டையாய் வட்டமாய் இருக்கும். நடுவில் விதை, சுற்றிலும் மெல்லிய தாள் போன்ற விளிம்பு. அது வெடிப்பதில்லை. காற்றில் சுழன்று விழும். அங்சானா மரத்தடியில் உலர்ந்த காய் ஒன்றைப் பொறுக்கிப் பார்த்தால் ஜாக்குவின் கண்ட சிறகை நாமும் காணலாம்.

இப்பேரினத்தில் 30 முதல் 40 வரையான இனங்கள் உள்ளன. அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா ஆகிய மூன்று நிலப்பரப்புகளின் வெப்ப மண்டலங்களிலும் அவை வளர்கின்றன. நம் ஆய்வுக்கு இன்றியமையாதவை மூன்று. தென்னிந்தியா, நடு இந்தியா, இலங்கை ஆகிய இடங்களின் மலைச்சரிவுகளில் வளரும் வேங்கை முதலாவது. அதன் அறிவியற்பெயர் தெரோகார்ப்பஸ் மார்சூப்பியம். கீழைத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் இயற்கையாக வளரும் செஞ்சந்தனம் அல்லது செம்மரம் இரண்டாவது. அது தெரோகார்ப்பஸ் சாண்டலினஸ். தென்கிழக்காசியாவிலிருந்து பிலிப்பீன்சு, நியூகினி வரை பரவிய அங்சானா மூன்றாவது. அது தெரோகார்ப்பஸ் இண்டிகஸ்.

மூன்றுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. பட்டையை வெட்டினால் குருதி போன்ற செந்நீர் கசியும்; காய்ந்தால் கருஞ்சிவப்புப் பிசினாகும். உள்மரமும் வண்ணச் செறிவுடையது. மரம் என்பது உள்ளே வயிரம் உடையது, புல் என்பது வெளியே வயிரம் உடையது என்று தொல்காப்பியம் மரபியலில் வகுக்கிறது. அகக்காழ், புறக்காழ் என்பன அதன் கலைச்சொற்கள். அகக்காழுக்கு எடுத்துக்காட்டு வேண்டின் வேங்கையைக் காட்டலாம்.

3. வேங்கை: மரமும் புலியும்

வேங்கை என்னும் சொல் தமிழில் இருபொருள் உடையது. ஒன்று மரம், மற்றொன்று புலி. இன்றைய மாணவர்க்குப் புலியே முதலில் நினைவுக்கு வரும். பலர்க்கு அது மட்டுமே வரும்.

மொழியியல் நோக்கில் மரப்பெயரின் தொன்மை தெளிவு. மலையாளத்தில் வேங்ங, கன்னடத்தில் பேங்கெ, தெலுங்கில் வேகிச என உறவுச் சொற்கள் அதே மரத்தைக் குறிக்கின்றன. எனவே தென்திராவிட மொழிகளும் தெலுங்கும் தனித்தனியே வளரத் தொடங்குமுன்பே இம்மரத்திற்குப் பெயர் இருந்தது எனக் கொள்வதில் தடையில்லை. கன்னடத்தில் ஹொன்னெ என்னும் மற்றொரு பெயரும் உண்டு. ஹொன்னு என்பது நம் பொன். மலரின் நிறம் அப்பெயரில் நிற்கிறது.

புலிப்பொருள் மரத்திலிருந்து கிளைத்தது என்பதே என் கருத்து. கரிய பாறைமேல் மஞ்சள் மலர்கள் உதிர்ந்து கிடக்கும் காட்சி புலியின் உடலை நினைவூட்டுவது. சங்கப் புலவர்கள் இதனைப் பலகாலும் பாடினர். குறுந்தொகையின் 47ஆம் பாடலில், வேங்கை மலர் உதிர்ந்த குண்டுக்கல் நிலவொளியில் புலிக்குட்டி போலத் தோன்றுகிறது. இரவில் தலைவியைக் காணக் காட்டுவழியே வருகிறான் தலைவன். அவன் வருகையைப் பிறர் அறியச் செய்யும் நிலவே, நீ அவனுக்கு நன்மை செய்பவள் அல்லை என்பது பாட்டின் கருத்து. நிலவு, பாறை, மலர் ஆகிய மூன்றையும் மனக்கண்ணில் காணாத மாணவருக்கு இப்பாடல் வெறும் உவமை மனப்பாடமே.

அகநானூற்றின் 48ஆம் பாடல் இன்னும் நுட்பமானது. தலைவி உடல் மெலிந்திருக்கிறாள். காரணம் கேட்கும் செவிலித்தாய்க்குத் தோழி விடை கூறுகிறாள். மலைச்சாரலில் வேங்கை பூத்திருந்தது. பூப்பறிக்கச் சென்ற பெண்கள் புலி, புலி என்று கூவினர். அவ்வாறு கூவினால் வேங்கை தன் கிளையைத் தாழ்த்தும் என்பது மலைநாட்டு மகளிரின் நம்பிக்கை. அக்கூக்குரல் கேட்டு வில்லேந்திய இளைஞன் ஒருவன் விரைந்து வந்து, புலி எங்கே சென்றது என்று வினவுகிறான். பெண்கள் நாணித் தம்முள் ஒருவர் பின் ஒருவர் மறைந்து நிற்கின்றனர். புலி இல்லை என்பதறிந்த அவன், உங்கள் வாயிலும் பொய் வருமோ என்னும் கருத்துப்படப் பேசுகிறான். தலைவியின் கண்கள் அவனை நோக்கின. நோய்க்குக் காரணம் அதுவே.

பல்லாண்டுகளுக்கு முன் இப்பாடலை ஒரு வகுப்பில் நடத்தியபின், கதையைச் சொந்த நடையில் எழுதுமாறு கூறினேன். நன்றாகப் படிக்கும் மாணவி ஒருவர், புலி வந்ததால் பெண்கள் அஞ்சி அலறினர், இளைஞன் அவர்களைக் காத்தான் என்று எழுதியிருந்தார். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. பாடல் மட்டும் அங்கே இல்லை. அவர் கையிலிருந்த நூலில் வேங்கை என்பதற்குத் தரப்பட்டிருந்த பொருள் ‘ஒருவகை மரம்’. அந்த மரத்துக்கும் அந்தக் கூக்குரலுக்கும் உள்ள தொடர்பை அக்குறிப்பு அவருக்குச் சொல்லவில்லை, நானும் சொல்லியிருக்கவில்லை. பிழை மாணவியுடையதன்று.

வேங்கைக்கு மூன்றாவதாக ஒரு கடமையும் சங்க மரபில் உண்டு. அது காலங்காட்டி. தினை முற்றும் பருவத்தில் வேங்கை பூக்கும். அறுவடை முடிந்தால் தலைவி தினைப்புனம் காக்க வரமாட்டாள். பகலில் தலைவனைக் காண இயலாது. வேங்கை மலர்வது மணத்திற்குரிய காலத்தையும் குறிக்கும். நாள் கணித்துச் சொல்பவனைக் கணி என்பர். வேங்கையையும் கணி என்றனர். நிகண்டுகள் கணி என்பதை வேங்கையின் பெயர்களுள் ஒன்றாகவே வைத்தன. ஒரு மரம் சோதிடரின் பெயரைப் பெற்றதற்கு அதன் பூப்பருவமே காரணம்.

சிலப்பதிகாரத்தில் மதுரையை எரித்த கண்ணகி மலைநாடு சென்று நிற்கும் இடமும் வேங்கை நிழலே. குன்றக்குறவர் அவளை அங்குதான் காண்கின்றனர். அங்கிருந்தே அவள் வானுலகு செல்கிறாள். குறிஞ்சி நிலத்தின் அடையாளமாக இளங்கோவடிகள் தேர்ந்தது இம்மரத்தை.

இலக்கியத்திற்கு வெளியேயும் வேங்கை வாழ்ந்தது. அதன் செந்நீரைக் காய்ச்சிக் குழந்தையின் நெற்றிக்குக் கரும்பொட்டு செய்வது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வழக்கம். மரத்தின் வயிரத்தைக் கடைந்து குவளை செய்து, அதில் ஊறிய நீரை மருந்தென அருந்துவதும் உண்டு. பாட்டில் இருந்த மரம் வீட்டிலும் இருந்தது.

4. அசனம் கடல் கடந்த வரலாறு

வடமொழியில் அசனம் என்று ஒரு மரப்பெயர் உண்டு. ஆயுர்வேத மரபில் அது வேங்கையைக் குறிக்கும். பீதசாலம், பீசகம் என்பனவும் அதன் பெயர்கள். வடமொழி அகராதிகளிலோ அசனம் என்பது கருமருதையும் குறிக்கிறது. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. ஆயினும் இரண்டும் கருத்த பட்டையும் உறுதியான வயிரமும் உடைய காட்டு மரங்கள். நூலோர் நாட்டுக்கு நாடு பார்த்த மரம் வேறுபட்டதால் பெயர் இரண்டிலும் தங்கியது.

அசனம் என்னும் சொல் சாவகத்திற்குச் சென்றது. பழைய சாவக மொழியில் அசன, அங்சன என்னும் இரு வடிவங்களும் உள்ளன. அங்கே அது வேங்கையையும் கருமருதையும் விட்டு, அந்நிலத்தில் வளர்ந்த உறவு மரத்தைக் குறித்தது. மலாய் மொழியில் அங்சானா, சேனா என இரு வடிவங்கள் வழங்குகின்றன. பிலிப்பீன்சில் நார்ரா என்னும் பெயரோடு அசனா என்பதும் வழங்கும்.

சொல்லின் நடுவே ஙகர மெய் எவ்வாறு வந்தது என்பது மொழியியலார்க்குச் சுவையான வினா. வடமொழி வம்ச என்பது மலாயில் பங்சா ஆயிற்று. ஹம்ச என்பது அங்சா ஆயிற்று. அவற்றின் மூலத்திலேயே மூக்கொலி உண்டு. அசனத்தின் மூலத்தில் அது இல்லை. பல சொற்களில் -ங்ச- என்னும் ஒலித்தொடரைக் கேட்டுப் பழகிய நா, இச்சொல்லிலும் அதனைச் சேர்த்துக்கொண்டது எனலாம். ஒப்புமையால் ஒலி புகுதல் எல்லா மொழிகளிலும் காணப்படும் நிகழ்ச்சியே.

கெடா மாநிலத்தில் போக்கோக் சேனா என்று ஓர் ஊர் உண்டு. போக்கோக் என்றால் மலாயில் மரம். அங்சானா மரத்தால் பெயர் பெற்ற ஊர் அது. கெடா என்பது தமிழ்க் கல்வெட்டுகள் கடாரம் என்று குறிப்பிடும் நிலம். 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை சென்ற இடம். தமிழர் வணிகராகவும் வீரராகவும் வந்த மண்ணில் வேங்கையின் உறவு மரம் ஓர் ஊருக்குப் பெயராயிற்று. ஆனால் அப்பெயர் தமிழ்ப் பெயரன்று. வடமொழிப் பெயரின் மலாய் வடிவம்.

ஏன் வேங்கை என்னும் சொல் கடல் கடக்கவில்லை? கப்பல், கடை போன்ற சொற்களை மலாய் மொழியில் காண்கிறோம். மலாய் மொழி தமிழிலிருந்து கப்பல், கெடாய் முதலியவற்றைப் பெற்றது. இவை துறைமுகத்தின் சொற்கள், வணிகத்தின் சொற்கள். வேங்கை மலைநாட்டின் சொல். கடலோடிகளும் வணிகரும் நெய்தலிலிருந்தும் மருதத்திலிருந்தும் புறப்பட்டோர். மரத்தின் பெயரோ அரசவை, சமயம், மருத்துவம் ஆகியவற்றின் மொழியாகிய வடமொழி வழியே சென்றது. ஒரு சொல் பயணம் செய்ய வேண்டுமாயின் அதனைச் சுமந்து செல்வோர் வேண்டும். அவர் அதனைப் பயன்படுத்தும் இடமும் வேண்டும். பின்னர் 19ஆம் நூற்றாண்டில் தோட்டத் தொழிலாளராகப் பெருந்தொகையில் தமிழர் வந்தபோது, மரத்திற்கு நாட்டுப்பெயர் ஏற்கெனவே இருந்தது. அவர்கள் அதனையே ஏற்றனர்.

பிற மொழியினர் தத்தம் பெயர்களைக் காத்தனர். பர்மியர் இப்பேரினத்தின் ஓர் இனத்தைப் பதௌக் என்பர். சித்திரைத் திங்களில் வரும் அவர்களது புத்தாண்டாகிய திஞ்சானோடு அதன் மலர் இணைத்துப் பேசப்படுகிறது. தாய்லாந்தினர் பிரடு என்பர். அரச கடற்படையின் அடையாள மலர் அது. பிலிப்பீன்சில் நார்ரா 1934ஆம் ஆண்டு தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது. பர்மியரின் புத்தாண்டு மலரும் நம் கணிவேங்கையும் ஒரே செயலைச் செய்கின்றன: பூத்துக் காலம் அறிவிக்கின்றன. ஒருவர் மற்றவரிடம் கற்றனர் என்று கொள்ள வேண்டியதில்லை. ஒரே பேரினத்தின் பூக்கும் இயல்பு இரு மக்களுக்கும் ஒரே கருத்தைத் தந்தது.

5. பெயர் மயங்கியதால் நேர்ந்தவை

பெயரைப் பற்றி இவ்வளவு பேசுவது ஏன், மரம் மரந்தானே என்று சிலர் கருதலாம். இப்பேரினத்தின் வரலாற்றிலேயே அதற்கு விடை உண்டு.

1565ஆம் ஆண்டில் எசுப்பானிய மருத்துவர் நிக்கோலாஸ் மொனார்தெஸ் ஒரு மரத்துண்டைப் பற்றி எழுதினார். அது மெக்சிகோவிலிருந்து வந்தது. சிறுநீரக நோய்க்கு மருந்தாகக் கருதப்பட்டது. அதனை நீரில் இட்டால் நீர் நீல ஒளி வீசும். இராபர்ட் பாயில் 1664இல் வெளியிட்ட வண்ணங்கள் பற்றிய நூலில் இந்நீரை ஆராய்ந்தார். இவ்வியல்புக்கு ஒளிர்வு சார்ந்த தனிப்பெயரை ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1852இல்தான் சூட்டினார். அதற்குள் மரம் எது என்பதே மறந்துபோயிற்று. அறிஞர் விளக்கங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டன. ஒருவர் சிறுமரம் என்றார், மற்றொருவர் பெருமரம் என்றார். 1915ஆம் ஆண்டளவில் அமெரிக்கத் தாவரவியலறிஞர் வில்லியம் சாஃபர்டு புதிரை அவிழ்த்தார். மரம் ஒன்றன்று, இரண்டு. ஒன்று மெக்சிகோவின் சிறுமரம். மற்றொன்று பிலிப்பீன்சின் நார்ரா. நார்ரா என்பது நம் அங்சானாவே. மணிலாவுக்கும் அக்கபுல்கோவுக்கும் இடையே ஓடிய எசுப்பானியக் கப்பல்கள் இரண்டு நிலங்களையும் இணைத்தன. வணிகர் இரண்டையும் ஒரே பெயரால் விற்றனர். பெயர் ஒன்றாயிருந்ததால் பொருளும் ஒன்றே என அறிவுலகம் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் நம்பியது.

பிசினுக்கும் இதே நிலை. கினோ என்னும் துவர்ப்புப் பிசின் 18ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பிய மருந்துக்கடைகளுக்குச் சென்றது. அதனைத் தந்ததும் இப்பேரினத்து மரமே. பின்னர் மலபாரிலிருந்து வேங்கைப் பிசின் அவ்விடத்தைப் பிடித்தது. அதுவும் கினோ எனப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி வேங்கைக்கு ஆங்கிலத்தில் பொருள் தருகையில் இக்கினோவின் பெயராலேயே மரத்தைக் குறிக்கிறது. ஆப்பிரிக்கச் சரக்குப்பெயர் ஒன்று, தமிழரின் பழைய மரத்திற்கு அகராதி விளக்கமாயிற்று.

செஞ்சந்தனம் மூன்றாவது எடுத்துக்காட்டு. சந்தன மரம் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது, மணமுடையது. செஞ்சந்தனத்தில் அம்மணம் இல்லை. செந்நிறச் சாயத்திற்காகவும் மரவேலைக்காகவும் அது விரும்பப்பட்டது. வடமொழியில் இரத்தசந்தனம், தமிழில் செஞ்சந்தனம், இலத்தீனில் சாண்டலினஸ் என எல்லாரும் அதனைச் சந்தனத்தோடு சேர்த்தே அழைத்தனர். வேங்கையின் உடன்பிறப்பு என்பதை எந்தப் பெயரும் சொல்லவில்லை. சீனாவில் உயர்ந்த மரச்சாமான்களுக்குரிய செம்மரங்களை வரையறுத்த 2000ஆம் ஆண்டின் தேசியத் தரநிர்ணயம், சிதான் என்னும் மதிப்புமிக்க பெயரை இம்மரத்திற்கு உரியதாக்கியது. 1995 முதல் இம்மரம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. ஆயினும் கள்ளத்தனமாக வெட்டுவது நிற்கவில்லை. 2015 ஏப்பிரல் 7ஆம் நாள் ஆந்திரத்தின் சேசாசலக் காட்டில் காவலரின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் இறந்தனர். அவர்கள் மரம் வெட்டச் சென்றவர்கள் எனக் காவலர் கூறினர். இறந்தோர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏழைத் தொழிலாளர். மரத்திற்குச் சூட்டப்படும் பெயரும் அதன் விலையும் நெடுந்தொலைவில் முடிவாகின்றன; இழப்பு மரம் நிற்கும் மலையடியில் வாழ்வோரைச் சேர்கிறது.

6. நகரின் அங்சானா

மீண்டும் நம் சாலைக்கு வருவோம். மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய நகரங்களில் நிழல்மரமாக அங்சானா 19ஆம் நூற்றாண்டிலேயே நடப்பட்டது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாடல் நோய் ஒன்று இம்மூன்று இடங்களிலும் மரங்களை அழித்தது. பின்னர் நெடுங்காலம் அந்நோய் தலைகாட்டவில்லை.

1967ஆம் ஆண்டு சிங்கப்பூரைத் தோட்ட நகராக்கும் திட்டம் தொடங்கியது. விரைவில் நிழல் வேண்டும். மரம் வளரக் காத்திருக்க இயலாது. அங்சானாவின் ஓர் இயல்பு அப்போது கைகொடுத்தது. பெரிய கிளையை வெட்டிப் போத்தாக நட்டாலும் அது வேர்விட்டுத் தழைக்கும். உடனடி மரங்கள் என்று பெயர் பெற்று, புதிய சாலைகளிலும் குடியிருப்புப் பேட்டைகளிலும் அவை நிழல் பரப்பின. நம்முள் மூத்தோர் பலர் அம்மரங்களோடு வளர்ந்தவர்கள்.

1980களில் வாடல் நோய் சிங்கப்பூரில் மீண்டும் தோன்றியது. ஆய்வாளர் அதற்கு ஃபியூசேரியம் என்னும் பூசணத்தைக் காரணமாகக் கண்டனர். மரத்தைத் துளைக்கும் சிறுவண்டுகள் அதனைப் பரப்பின. இடி தாக்கிய மரங்கள் அவ்வண்டுகளுக்கு வாயிலாயின. போத்து நட்டு வளர்த்த மரங்கள் தாய்மரத்தின் மரபையே கொண்டவை என்பதால், ஒன்றைத் தாக்கும் நோய் அதன் உடன்மரங்களையும் எளிதில் தாக்கவல்லது. நோயுற்றவை அகற்றப்பட்டன; அதன்பின் பலவகை மரங்களைக் கலந்து நடுவதற்கு மதிப்பு மிகுந்தது.

சாலையில் நாம் மிகுதியாகக் காண்பதால் அங்சானா பெருகி வளரும் மரம் என்று எண்ணிவிடக் கூடாது. அதன் இயற்கைக் காடுகளில் நிலைமை வேறு. அழகிய மரத்திற்காக அளவின்றி வெட்டப்பட்டதால், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழிவுறும் நிலையிலுள்ள இனங்களுள் சேர்த்துள்ளது. நகரில் நமக்கு மிகப் பழக்கமான மரம் காட்டில் அரிதாகி வருகிறது.

7. ஆசிரியர் செய்யத்தக்கது

இதுவரை கூறியவற்றிலிருந்து வகுப்பறைக்கு உரியவை எவை? இரண்டு பிழைகளை நாம் தவிர்க்க வேண்டும்.

முதலாவது, ‘ஒருவகை மரம்’ என்னும் குறிப்பு. உரைநூல்களிலும் பாடநூல்களிலும் தாவரப் பெயர்களுக்கு இது வழக்கமான விளக்கமாகிவிட்டது. இது பொருள் கூறுவதுபோல் தோன்றிப் பொருளை மறைக்கிறது. சங்கத் தாவரங்களை அறிவியல் நோக்கில் அடையாளங்காட்டிய பி. எல். சாமி, கு. சீநிவாசன் போன்றோரின் நூல்கள் நமக்கு உள்ளன. அவற்றைப் பயன்படுத்தாமைக்குக் காரணம் இல்லை.

இரண்டாவது, ஆர்வ மிகுதியால் அங்சானாதான் சங்க வேங்கை என்று கூறிவிடுவது. அது உண்மையன்று. வேங்கை வேறு இனம். அங்சானா வேறு இனம். கபிலர் அங்சானாவைப் பாடவில்லை. அசனம் என்னும் பெயர் மயங்கியதும் நார்ரா மெக்சிகோ மரத்தோடு மயங்கியதும் இவ்வகைப் பிழைகளே. தமிழ்ப்பற்றின் பெயரால் அதே பிழையை நாம் செய்யலாகாது.

சொல்லத்தக்கது இதுவே: வேங்கை என்னும் சொல்லைப் பேரினத்தின் பொதுப்பெயராகக் கொள்வோம், இனங்களை அடைமொழியால் வேறுபடுத்துவோம். தமிழுக்கு இம்முறை புதியதன்று. நாடு, மலை, சீமை, கடல் முதலிய அடைகளைச் சேர்த்து உறவுடையவற்றையும் ஒத்தவற்றையும் பிரித்தறிவது நம் மக்கள் வழக்கம். அங்சானாவை ‘அங்சானா வேங்கை’ என்று வகுப்பில் அறிமுகப்படுத்தலாம். மலாய்ப் பெயர் அதில் மறையவில்லை. தமிழ் உறவும் தெரிகிறது. இந்நாட்டின் இரு மொழிகளும் ஒரு மரத்தின் பெயரில் அருகருகே நிற்பதில் இழப்பு ஒன்றும் இல்லை.

இதனை நடைமுறைப்படுத்தப் பெரிய ஏற்பாடுகள் தேவையில்லை. அகநானூற்றுப் பாடலை நடத்தும் நாளில் மாணவர்களைப் பள்ளியின் அருகே உள்ள அங்சானாவுக்கு அழைத்துச் செல்லலாம். சிறகுடைய காயைக் கையில் கொடுக்கலாம். இது வேங்கையன்று, வேங்கையின் உறவு என்று தெளிவாகச் சொல்லலாம். பின்பு, தமிழ்நாட்டு மலையில் இதன் உறவு மரம் பூத்தபோது பெண்கள் ஏன் புலி, புலி என்று கூவினர் என வினவலாம். விடையை மாணவர்களே கண்டுபிடிப்பர். மரம் பூத்த நாளாக அமைந்துவிட்டால் ஆசிரியர் அதிகம் பேச வேண்டியதே இல்லை.

ஒரு மொழி புதிய நிலத்தில் வாழும்போது அதன் பழைய சொற்கள் சில பொருளற்றுப்போவது இயல்பு. குறிஞ்சி மலை இங்கில்லை, தினைப்புனம் இல்லை. ஆனால் வேங்கையைப் பொறுத்தவரை அந்தச் சாக்கு நமக்கில்லை. அதன் உறவு நம் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறது. அதன் மஞ்சள் மலரைக் கூட்டித் தள்ளுவதற்கு முன் மாணவர் ஒருவரை அழைத்துக் காட்டுவது, நம்மால் இன்றே செய்யக்கூடிய பணி.